பாசி வளர்த்தவள்

மேஸ்திரிக்கு முதுகுத்தண்டில் ஆபரேஷன் ஆனபோது சொந்தக்காரர்கள் எல்லோரும் அவருடைய முதுகைப் பற்றி விசாரித்தார்கள். அவர் கண் விழித்ததும் தொட்டியைப் பற்றித்தான் விசாரித்தார்.

அலமாரி, கதவு, சமையலறை அடுக்கு என்று மரவேலை செய்கிறவர் அவர். கூட வேலை பார்த்த ஆட்கள் மேஸ்திரி என்று கூப்பிட, தெருவும் அதையே பிடித்துக்கொண்டது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவரிடம் ஒரு உப்புத்தண்ணீர் மீன்தொட்டி இருந்தது. ஹாலின் ஒரு சுவரையே அடைத்துக்கொண்டு நிற்கும். அதைத் தாங்குகிற மரப்பெட்டி அவரே செய்தது. பெட்டிக்குள் இன்னொரு சின்னத் தொட்டி. மேலே இருக்கிற தண்ணீர் குழாய் வழியாகக் கீழே இறங்கி, அங்கே வடிகட்டி, மோட்டார் வழியாகத் திரும்ப மேலே ஏறும். மேல்தொட்டியில் பாறைகள், பாறையில் பவளங்கள், விரல் விரலாக ஆடுகிற ஒரு கடல்சாமந்தி, அதற்குள்ளேயே குடித்தனம் நடத்துகிற இரண்டு ஆரஞ்சு மீன்கள். இவை தவிர, தட்டை உடம்புள்ள ஒரு பெரிய மஞ்சள் மீன். நாள் முழுக்க இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் ரோந்து போகும், ஒரு வேலையும் செய்யாது. அதனால் அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

மனைவி ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டரில் வேலை பார்த்தாள். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டருக்குப் பக்கத்தில், நோயாளியின் தலைமாட்டில் நின்றுகொண்டு குழாய், காற்று, மிஷின் எல்லாவற்றையும் கவனிக்கிற டெக்னீஷியன். மூச்சைப் பார்த்துப் பார்த்தே பழகிப்போன கண். பஸ்ஸில் பக்கத்தில் தூங்குகிறவர் கொஞ்சம் அமைதியாகத் தூங்கினால்கூட இவளுக்குப் பதறும். தியேட்டரில் எல்லோரும் அவளை மூச்சக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியபோது மாடிப்படி ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் மேஸ்திரிக்கு ஹாலிலேயே கட்டில் போட்டார்கள், தொட்டிக்கு எதிரில். குனியக்கூடாது, எதையும் தூக்கக்கூடாது, அதிக நேரம் நிற்கக்கூடாது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம் வரைக்கும் போய்வரலாம், அவ்வளவுதான். வாரா வாரம் தொட்டியில் கொஞ்சம் பழைய தண்ணீரை எடுத்துவிட்டு, உப்புக் கரைத்த புதுத் தண்ணீரை ஊற்றுவது அவருடைய வழக்கம். கேன் கேனாகத் தூக்க வேண்டும். முதலில் அவருடைய தம்பி வந்து செய்துகொடுத்தான். பிறகு அவனுக்கு லாரியில் வெளியூர் ஓட்டம் அமைந்துவிட்டது. மூச்சக்கா தானே தூக்கிப் பார்த்தாள். கேன் நழுவி பாதித் தண்ணீர் தரையில் போனது, மணிக்கட்டு பிசகிக்கொண்டது. கட்டிலில் கிடந்தவர் அதைப் பார்த்து எழுந்திருக்கப் போக, இவள் கத்த, அன்றோடு அந்த வேலை நின்றது.

தண்ணீர் மாற்றாமல் விட்டால் மீன் போடுகிற கழிவும் தின்னாமல் விட்ட தீனியும் தண்ணீரிலேயே மக்கி நைட்ரேட்டாகச் சேரும். அதைப் பார்ப்பதற்கு ஒரு சோதனை உண்டு. குப்பியில் தொட்டித் தண்ணீரை எடுத்து மருந்து விட்டுக் குலுக்கினால் நிறம் மாறும். வெளிர் ரோஸ் என்றால் பரவாயில்லை. ஒவ்வொரு வாரமும் அவள் குலுக்கிய குப்பி முந்தின வாரத்தைவிடச் சிவந்துகொண்டே வந்தது. கடைசியில் ஒருநாள் ரத்தம் எடுத்து வைத்த மாதிரி இருந்தது. அதை அவர் கண்ணில் படாமல் சமையலறைத் தொட்டியில் கொட்டிக் கழுவினாள். ஆனால் கண்ணாடியை என்ன செய்வது? அதில் பச்சையாகப் படர்ந்ததை அவர் கட்டிலில் இருந்தபடியே பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒரு பவளம் சுருங்கி, வெளுத்து, எலும்பு தெரிய நின்றது.

"ஒண்ணு போயிடுச்சு" என்று மட்டும் சொன்னார். அன்று சாப்பிடவில்லை.

தியேட்டரில் டீ குடிக்கிற இடைவெளியில் அவள் போனில் தேட ஆரம்பித்தாள். தண்ணீரைத் தூக்காமல் சுத்தம் செய்ய வழி உண்டா என்று பார்த்தாள். உண்டு என்று தெரிந்தது. சொரசொரப்பான ஒரு வலைத்துண்டைத் தொங்கவிட்டு, அதன் இரண்டு பக்கமும் தொட்டித் தண்ணீர் மெல்லிய படலமாக வழிந்து ஓடும்படி செய்து, பக்கத்தில் பலமான விளக்கைப் போட்டுவிட வேண்டும். வலையில் பாசி பிடிக்கும். நைட்ரேட்தான் பாசிக்குச் சாப்பாடு. பாசி வளர வளரத் தண்ணீரில் அது குறையும். வாரத்துக்கு ஒருமுறை வலையைக் கழற்றி, பாசியைச் சுரண்டி எறிந்துவிட்டு, திரும்ப மாட்டினால் போதும். கேனும் கிடையாது, தூக்குவதும் கிடையாது.

மேஸ்திரியிடம் சொன்னபோது முதுகு வலிக்கும்படி சிரித்தார்.

"பாசி வரக்கூடாதுன்னுதானே இத்தனை வருஷமா நான் தேய்ச்சுத் தேய்ச்சு சாகறேன். நீ அதையே வளர்க்கலாம்னு சொல்றியா?"

"அது எப்படியும் வரத்தான் போகுது. வர்றது வரட்டும். உங்க கண்ணாடியில வராம, நாம சொல்ற இடத்துல வரட்டும்."

அவர் தலையைத் திருப்பித் தொட்டியின் பச்சைக் கண்ணாடியைப் பார்த்தார். அது பாதி சம்மதம் என்று அவளுக்குத் தெரியும்.

எம்பிராய்டரி போடுகிறவர்கள் வாங்குகிற பிளாஸ்டிக் வலை கைவேலைக் கடையில் கிடைத்தது. குழாய் ஒன்று, செடி வளர்க்கிறவர்கள் போடுகிற சிவப்பு விளக்கு இரண்டு, சின்ன மோட்டார் ஒன்று. குழாயின் அடிப்பக்கத்தில் நீளமாக ஒரு கீறல் வெட்டி, அதில் வலையைச் சொருக வேண்டும். தரையில் உட்கார்ந்து அவள் அறுக்க ஆரம்பித்தாள். கீறல் பாம்பு மாதிரி நெளிந்துகொண்டு போனது. கட்டிலில் இருந்தவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். கொஞ்ச நேரம்தான் பொறுக்க முடிந்தது.

"இங்க கொண்டா. குழாயைக் கொலை பண்ணாதே."

இன்னொரு குழாய் வாங்கிவரச் செய்து, அதை மார்பின் மேல் வைத்துக்கொண்டு, படுத்தபடியே நூல் பிடித்த மாதிரி வெட்டினார். வலையையும் வாங்கி, ஆக்சா பிளேடால் இரண்டு பக்கமும் கீறிக் கீறி, தேங்காய் நார் மாதிரி ஆக்கினார். போர்வை முழுக்கப் பிளாஸ்டிக் தூள். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது அன்றைக்குத்தான்.

பெட்டிக்குள் சின்னத் தொட்டிக்கு மேலே அதை மாட்டினாள். மோட்டாரைப் போட்டதும் தண்ணீர் கண்ணாடித்தாள் மாதிரி வலையில் வழிந்தது. சிவப்பு வெளிச்சத்தில் பெட்டிக்குள் அடுப்பு எரிவது போல் இருந்தது. இனிப் பாசி வர வேண்டியதுதான்.

வரவில்லை.

ஒரு வாரம் போனது, வலை வாங்கிய அன்றைக்கு இருந்த மாதிரியே வெள்ளையாக இருந்தது. மேலே கண்ணாடியில் மட்டும் பச்சை செழித்தது. வேலைக்குக் கிளம்புமுன் பெட்டிக் கதவைத் திறந்து பார்ப்பாள், வந்ததும் கைப்பையை வைக்காமலே திறந்து பார்ப்பாள். விரலால் தடவிப் பார்ப்பாள். குப்பியோ இன்னும் சிவந்தது. மேனேஜரின் ரோந்து குறைந்து, தண்ணீர் விழுகிற மூலையிலேயே நின்றது. அதன் செவுள் திறந்து மூடுகிற வேகம் அவளுக்குப் பிடிக்கவில்லை. தியேட்டரில் இந்த வேகத்தைப் பார்த்திருந்தால் உடனே டாக்டரைக் கூப்பிட்டிருப்பாள். இங்கே யாரைக் கூப்பிடுவது? நாற்காலியை இழுத்துப்போட்டு அதன் எதிரில் உட்கார்ந்துவிடுவாள். அவள் மீனைப் பார்க்க, மேஸ்திரி அவள் முகத்தைப் பார்ப்பார். வீட்டில் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்கும்.

தியேட்டரில் மயக்க மருந்து டாக்டர் கேட்டார், வீட்டில் மேஸ்திரிக்கு ஏதாவது பிரச்சினையா என்று. அவள் உண்மையைச் சொன்னாள்.

"பாசி வரமாட்டேங்குது சார்."

டாக்டர் முகமூடிக்குப் பின்னால் சிரித்தது கண்ணில் தெரிந்தது. தலைவலி, மாமியார், பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் என்று எத்தனையோ கவலைகளைக் கேட்டிருக்கிறார், பாசி வரவில்லை என்று வாடிப்போன ஆளை இப்போதுதான் பார்க்கிறார் என்றார்.

அப்புறம் ஒருநாள் வலையில் சளி மாதிரி பழுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. கெட்டுப்போய்விட்டதோ என்று பயந்தாள். படித்துப் பார்த்தபோது அதுதான் முதல் படி என்று போட்டிருந்தது. மெல்லக் கழுவி மாட்டினாள். அதன்பிறகு பழுப்புக்கு நடுவில் பச்சைப் புள்ளிகள், புள்ளிகள் சேர்ந்து திட்டுகள், திட்டுகள் சேர்ந்து பூனை முடி மாதிரி மெத்தென்று ஒரு பச்சை. பழைய பிளாஸ்டிக் அட்டையால் முதல்முறை சுரண்டியபோது ஒரு கைப்பிடி வந்தது. கடற்கரையில் காற்று அடிக்கிற வாசம். அந்த வாரம் குப்பி கொஞ்சம் வெளுத்தது. அடுத்த வாரம் இன்னும் வெளுத்தது. மேனேஜர் தன் ரோந்தைத் தொடங்கினார். குப்பியை இந்தமுறை அவள் கட்டிலுக்கே கொண்டுபோய்க் காட்டினாள். மேஸ்திரி அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே" என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய பாராட்டு.

அவளுக்கு இத்தனை நாளில் முதல்முறையாகக் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. அங்கேதான் கோட்டை விட்டாள்.

தியேட்டரில் இரண்டு பேர் ஒரே சமயத்தில் விடுப்பில் போனார்கள். ஒரு ஷிப்ட் முடியும்போதே அடுத்ததையும் இவள் தலையில் கட்டினார்கள். வீட்டுக்கு வந்தால் மேஸ்திரிக்குச் சாப்பாடு, மாத்திரை, முதுகுக் கட்டு. சுரண்ட வேண்டிய நாள் கடந்து போனது. பாசியும் பார்க்க அழகாகத்தான் இருந்தது, தடித்து, நீண்டு, தண்ணீரோடு ஆடிக்கொண்டு. அன்று காலை அவள் செருப்பு மாட்டும்போது மேஸ்திரி தண்ணீர்ச் சத்தம் மாறியிருக்கிறது என்றார். உறிஞ்சுகிற மாதிரி கேட்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை சுரண்டிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

அன்று ஒரு பெரிய ஆபரேஷன். போன் லாக்கரில் இருந்தது. முடிந்து, நோயாளி கண் திறந்து, பெயரைச் சொல்லி, வார்டுக்குப் போனபிறகுதான் அவள் லாக்கரைத் திறந்தாள். திரை நிறைய மேஸ்திரியின் நம்பர். அடுத்தடுத்து அழைத்திருக்கிறார். கடைசி அழைப்பு வந்தே வெகுநேரம் ஆகியிருந்தது. திரும்பக் கூப்பிட்டாள். போன் அணைந்திருப்பதாகக் குரல் வந்தது. மறுபடியும் அதே குரல்.

உடை மாற்றாமல் பச்சைத் தியேட்டர் அங்கியோடே வாசலுக்கு ஓடி டாக்ஸியில் ஏறினாள். கொழுந்தனைக் கூப்பிட்டாள். அவன் ஊருக்குள்தான் இருந்தான், லாரியை ஷெட்டில் விட்டுவிட்டு வருகிறேன் என்றான். சிக்னலில் வண்டி நின்றபோதெல்லாம் கதவைத் திறந்து இறங்கி ஓடிவிடலாமா என்று இருந்தது. ஆறாத முதுகோடு விழுந்தவர்களை அவள் பார்த்திருக்கிறாள். திரும்ப மேஜையில் படுக்கவைத்துத் திறந்ததைத் தலைமாட்டில் நின்று பார்த்திருக்கிறாள். ஒருவருக்குக் கால் வரவே இல்லை. அதை நினைக்கக்கூடாது என்று நினைக்க நினைக்க அதுதான் வந்தது. டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, ஏதாவது குடிக்கிறீர்களா என்று கேட்டார்.

கதவைத் திறந்தபோது கால் வழுக்கியது. ஹால் முழுக்கத் தண்ணீர். கட்டில் காலியாக இருந்தது.

மேஸ்திரி தொட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். இடது கையால் தொட்டியின் விளிம்பைப் பற்றியிருந்தார். வலது கையில் பாத்ரூம் மக். தொட்டியிலிருந்து தண்ணீரை மொண்டு, உயரத் தூக்கி, திரும்பத் தொட்டியிலேயே ஊற்றினார். மறுபடி மொண்டார். முகம் சுண்ணாம்பாக வெளுத்து, சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. வாக்கர் வழுக்கிக்கொண்டு போய்ச் சுவரோரம் கிடந்தது. போன் தண்ணீருக்குள் கிடந்தது.

நடந்தது இதுதான். தடித்த பாசி குழாயின் கீறலை அடைத்துவிட, வழிய வழி இல்லாத தண்ணீர் பக்கவாட்டில் பீய்ச்சி, பெட்டிக்கு வெளியே கொட்டியிருக்கிறது. மோட்டார்களின் பிளக் எல்லாம் செருகியிருந்த மின்சாரப் பெட்டி அந்த மரப்பெட்டியின் அடியில்தான் இருந்தது. உப்புத்தண்ணீர் அதை நெருங்குவதைப் பார்த்துவிட்டு அவர் கட்டிலருகில் சாத்தியிருந்த கைத்தடியால் எட்டிச் சுவர் சுவிட்சை அணைத்திருக்கிறார். அணைத்ததும் எல்லா மோட்டார்களும் நின்றன. தண்ணீர் அசையவில்லை என்றால் அதில் காற்று கலக்காது. வெயில் நாள் வேறு. கொஞ்ச நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூட ஆரம்பித்தன. அவர் எழுந்து, வாக்கரைப் பிடித்துக்கொண்டு போய்ப் பாத்ரூம் மக்கை எடுத்துவந்துவிட்டார். நின்றபிறகுதான் தெரிந்தது, ஈரத் தரையில் கையை விட்டால் விழுந்துவிடுவோம் என்று.

"கையை விட முடியலை" என்றார். குரல் தேய்ந்திருந்தது. "காலு இருக்கா இல்லையான்னே தெரியலை."

"விடாதீங்க. நான் சொல்றவரைக்கும் விடாதீங்க."

கட்டிலில் இருந்த போர்வை, விரிப்பு, தலையணை உறை எல்லாவற்றையும் உருவி அவர் காலடியிலிருந்து கட்டில்வரை தரையில் போட்டாள். அவருக்குப் பின்னால் போய் இடுப்புக் கட்டோடு சேர்த்து அணைத்துப் பிடித்தாள். முழுப் பாரத்தையும் என் மேல் போடுங்கள், குனியாதீர்கள், திரும்பாதீர்கள் என்று காதருகில் சொல்லிக்கொண்டே இருந்தாள். நோயாளிகளிடம் பேசுகிற அதே குரல் வந்தது. ஒவ்வொரு அடியாக நகர்ந்தார்கள். ஒரு இடத்தில் விரிப்பு சறுக்கியது. இரண்டு பேரும் அப்படியே உறைந்து நின்றார்கள். பிறகு அடுத்த அடி.

படுக்கவைத்ததும் அவர் முதலில் சொன்னது, "மேனேஜரைப் பாரு."

"எந்த மேனேஜரும் எனக்கு வேண்டாம். கால் விரலை அசைங்க."

"ஆரஞ்சு ரெண்டும்..."

"விரலை அசைங்கன்னு சொல்றேன்."

அசைத்தார். இடது கால், வலது கால். பாதத்தைக் கையால் அழுத்தி, எதிர்த்துத் தள்ளச் சொன்னாள். தள்ளினார். நகத்தால் கீறினாள், கூசுகிறது என்றார். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே திட்டினாள். யார் உங்களை எழுந்திருக்கச் சொன்னது, விழுந்திருந்தால் என்ன கதி, டாக்ஸியில் நான் என்னென்ன நினைத்தேன் தெரியுமா என்றெல்லாம் திட்டினாள்.

"நான் சும்மாதானே படுத்துக் கிடக்கறேன்" என்றார் பிறகு. "கண்ணு முன்னாடி அதுங்க மூச்சுக்கு அல்லாடுது. பார்த்துக்கிட்டே இருக்கச் சொல்றியா?"

மக்கைத் தேடி எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போனாள். மேனேஜர் மேலே, பக்கவாட்டில் சாய்ந்தபடி மிதந்தது. செவுள் அடித்துக்கொண்டிருந்தது. மொண்டு ஊற்றினாள். இன்னும் உயரத்திலிருந்து ஊற்று, நுரை வரட்டும் என்று கட்டிலிலிருந்து அவர் சொன்னார். தோள் கழன்றுவிடும்போல வலித்தபோதுதான் அவர் எத்தனை நேரம் இதைச் செய்திருப்பார் என்று உறைத்தது.

கொழுந்தன் வந்து சேர்ந்தான். சமையலறையிலிருந்து வேறு வயர் இழுத்து, மோட்டாரைத் துடைத்து ஓடவிட்டான். தண்ணீர் விழுகிற சத்தம் திரும்ப வந்தது. பிறகு ஆம்புலன்ஸை வரவழைத்து மேஸ்திரியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், போட்ட தையலும் எலும்பும் அப்படியே இருக்கின்றன, தசைதான் பிடித்துக்கொண்டிருக்கிறது என்றார். அதற்கு முன்னால் வாய் வலிக்கத் திட்டினார். படுக்கை இன்னும் சில வாரம் நீண்டது.

மேனேஜர் பிழைத்தது. ஆரஞ்சு மீன்களில் சின்னது பிழைக்கவில்லை. மறுநாள் பாறைக்கு அடியில் கிடந்ததை அவள்தான் எடுத்தாள். பெரியது கடல்சாமந்தியை விட்டு வெளியே வரவில்லை, தீனியும் எடுக்கவில்லை. மேஸ்திரி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பெட்டிக் கதவைத் திறந்து, குழாயும் வலையுமாக எல்லாவற்றையும் பிடுங்கிக் குப்பைப் பையில் திணிக்கப் போனாள்.

அவர் வேண்டாம் என்றார். பாசி தன் வேலையைச் செய்தது, நாம்தான் நம் வேலையைச் செய்யவில்லை என்றார். நாம் என்று அவர் சொன்னதை அவள் கவனித்தாள். நீ என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் தாங்கியிருக்கமாட்டாள்.

தம்பியை வைத்துக்கொண்டு அவர் படுத்தபடியே எல்லாவற்றையும் மாற்றச் சொன்னார். வலையைச் சுற்றி அக்ரிலிக் தகட்டால் ஒரு கூடு. எந்தப் பக்கம் பீய்ச்சினாலும் தண்ணீர் திரும்பத் தொட்டிக்குள்ளேயே விழும். மின்சாரப் பெட்டி தரையை விட்டுச் சுவரில் உயர ஏறியது. மின்சாரம் நின்றால் தானாகக் காற்றடிக்கிற பேட்டரி மோட்டார் ஒன்றும் வந்தது. வலையைச் சுரண்டுகிற வேலையை மேஸ்திரி எடுத்துக்கொண்டார். உட்காரலாம் என்று டாக்டர் அனுமதித்ததும், முதுகுக்கு நேர் நாற்காலி, மடியில் தட்டு. அவள் வலையைக் கழற்றிக் கொடுப்பாள், அவர் சுரண்டுவார். முழுக்கச் சுரண்டக்கூடாது, வேர் மாதிரி கொஞ்சம் விட்டுவைக்க வேண்டும் என்று அவளுக்கே பாடம் எடுத்தார். ஒரு வாரத்துப் பாசியைப் பிழிந்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, இத்தனையும் அந்தத் தண்ணீருக்குள்ளா இருந்தது என்று ஆச்சரியப்பட்டார். குப்பி வெளிர் ரோஸுக்கு வந்தது. பெரிய ஆரஞ்சு மீன் ஒருநாள் வெளியே வந்து ஒரு வாய் தீனி எடுத்துக்கொண்டு திரும்ப உள்ளே போனது. எடுத்தது, எடுத்தது என்று அவர் அவளைச் சமையலறையிலிருந்து கூப்பிட்டுச் சொன்னார்.

அவள் பயம் மட்டும் அப்படியே இருந்தது. இப்போதெல்லாம் தியேட்டருக்குள் போகும்போது போனை நர்ஸ் மேஜையில் வைத்து, வீட்டிலிருந்து வந்தால் உடனே சொல்ல வேண்டும் என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறாள். கிளம்புமுன் பெட்டிக் கதவைத் திறந்து பார்க்கிறாள். தெருமுனை போனதும் சரியாக மூடினோமா என்று சந்தேகம் வருகிறது. பஸ் நிறுத்தத்தில் நின்று வீட்டுக்குப் போன் போடுகிறாள். மணி அடிக்கிறது, அடித்துக்கொண்டே இருக்கிறது. எடுக்கிறவரைக்கும் அவள் மூச்சு மேலேயும் போவதில்லை, கீழேயும் போவதில்லை.

"தண்ணி ஓடுது, நானும் கட்டில்லதான் இருக்கேன்" என்கிறார் மேஸ்திரி. "நீ பஸ்ஸைப் பாரு."